தாக் கஸ்ராவும் நான் எழுதிய அறிக்கையும்

பாக்தாத்திலிருந்து தென்கிழக்கே 35 கிலோமீட்டர் போனால், டைக்ரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் சல்மான் பாக் என்ற ஊர் வரும். சாசானியப் பேரரசின் தலைநகராக இருந்த தெசிஃபோன் அங்கேதான் இருந்தது. அந்தத் தலைநகரின் அரண்மனையில் இன்று தரைக்கு மேல் நிற்பது ஒரு செங்கல் வளைவும், அதன் தெற்குப் பக்கத்து முகப்புச் சுவரும்தான். தாக் கஸ்ரா என்பார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பொறியியல் கல்லூரிகளில் இந்த வளைவைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். பேச்சு முடிந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "இவ்வளவு நுணுக்கமும் புத்தகத்துல படிச்சதா சார்?" என்று கேட்பார்கள். "இல்லப்பா, நேர்ல போய்ப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன்" என்பேன். அது பொய். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பாக்தாத்தில் ஒரு வயதான கொத்தனார். நான் எழுதிய ஓர் அறிக்கையால் அவருக்கு வேலை போனது. அந்த அறிக்கை தவறு என்று தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. எழுபதைத் தாண்டிவிட்டேன். இனியும் இதை உள்ளே வைத்திருக்க எனக்கு மனமில்லை.

முதலில் வளைவைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நான் செய்தது என்னவென்று விளங்காது.

தாக் கஸ்ரா ஓர் அரசவைக் கூடம். முன்பக்கம் சுவரே கிடையாது, முழுக்கத் திறந்திருக்கும். மற்ற மூன்று பக்கமும் சுவர், மேலே நீண்ட வளைவுக் கூரை. பாரசீகக் கட்டடக்கலையில் இந்த அமைப்பை ஐவான் என்பார்கள். அகலம் 25 மீட்டருக்கு மேல், ஆழம் 40 மீட்டருக்கு மேல், உயரம் 35 மீட்டர் வாக்கில். பத்து மாடிக் கட்டடம் ஒன்றை அப்படியே உள்ளே நிறுத்திவிடலாம். இரும்பு இல்லை, கான்கிரீட் இல்லை. சுட்ட செங்கல்லும் ஜிப்சம் சாந்தும்தான். கம்பி வைக்காத செங்கல் வளைவுகளில் இவ்வளவு அகலத்தை ஒரே வீச்சில் கடந்து இன்றும் நிற்பவற்றுள் இதுதான் பெரியது என்று கட்டடக்கலை நூல்கள் சொல்கின்றன. 531 முதல் 579 வரை ஆண்ட முதலாம் குஸ்ரவ் கட்டியது என்பது பெரும்பாலோர் கருத்து. 3ஆம் நூற்றாண்டில் முதலாம் ஷாபூர் கட்டியது என்று சொல்பவர்களும் உண்டு. 637இல் அரபுப் படை நகரைப் பிடித்தபோது, தளபதி சஅத் இப்னு அபீ வக்காஸ் இந்தக் கூடத்திலேயே தொழுதார். பொன்னும் மணியும் இழைத்து நந்தவனம்போல் நெய்திருந்த அரசரின் பெரிய கம்பளத்தைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஓர் என்ஜினியருக்கு இந்த விவரங்களைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சென்ட்ரிங் எங்கே? எந்த வளைவு கட்டினாலும் அடியில் மரத்தால் ஓர் அச்சு நிறுத்தி, அதன்மேல் செங்கல் அடுக்கி, உச்சிக்கல் வைத்துச் சாந்து இறுகிய பின்தான் அச்சைப் பிரிக்க வேண்டும். கல்லூரியில் எங்களுக்கு அதுதான் பாடம். 25 மீட்டர் அகலத்துக்கும் 35 மீட்டர் உயரத்துக்கும் அப்படி ஓர் அச்சு நிறுத்த ஒரு காட்டையே வெட்ட வேண்டும். மெசபடோமியாவில் காடு ஏது? பேரீச்ச மரம்தான் உண்டு. அதன் நார்த்தண்டு அந்தப் பாரத்தைத் தாங்காது.

அங்கத்திய கொத்தனார்கள் அச்சே இல்லாமல் கட்டினார்கள். இரண்டு பக்கச் சுவரையும் மேலே போகப் போக வரிக்கு வரி கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டு போனார்கள். கடக்க வேண்டிய இடைவெளி அதிலேயே குறைந்துவிட்டது. பிறகு கூடத்தின் பின்சுவரிலிருந்து தொடங்கினார்கள். தட்டையான சதுரச் செங்கல்லை, அதன் அகன்ற முகம் பின்சுவரில் படும்படி, சற்றே சாய்த்து ஒட்டினார்கள். அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறி வந்து உச்சியில் சேர்ந்ததும் ஒரு வளையம் முடியும். முடிந்த வளையம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். அடுத்த வளையம் அதன்மேல் சாய்ந்து ஏறும். ஒரு வளையம் மூடும்வரை ஒவ்வொரு செங்கல்லையும் பிடித்து நிறுத்துவது ஜிப்சம் சாந்துதான். அது சிமென்ட்போல் மணிக்கணக்கில் காத்திருக்காது, சில நிமிடங்களில் இறுகிவிடும். இப்படி வளையம் வளையமாகப் பின்சுவரிலிருந்து வாசல்வரை வந்து சேர்ந்தார்கள்.

இந்த விளக்கத்தைத்தான் கல்லூரி மேடைகளில் என் சொந்தச் சரக்காகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன்.

1980களின் தொடக்கம். ஈராக்குக்கும் ஈரானுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. இந்தியக் கட்டுமான நிறுவனங்கள் பலவற்றுக்கு அப்போது ஈராக்கில் வேலை இருந்தது. அப்படி ஒன்றில் நான் சைட் என்ஜினியர். பாக்தாத்துக்கு வெளியே ஒரு பெரிய வளாகம். அதில் சரக்கு அறைகள், காவலர் குடியிருப்பு என்று சிறு கட்டடங்கள் வரிசையாக உண்டு. அவற்றுக்கு ஈராக் வழக்கப்படி கூரை போடுவதாக ஏற்பாடு. முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் இடைவெளியில் இரும்பு ஐ-பீம்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு இரண்டு பீமுக்கும் நடுவே செங்கல்லால் சின்ன வளைவு கட்டுவார்கள். அப்படி இரண்டு பீமுக்கு இடைப்பட்ட பகுதியைக் கண் என்போம். பாக்தாத்தில் பல வீடுகளுக்கு அந்தக் கூரைதான். பீமை அங்கே ஷில்மான் என்பார்கள், ஜிப்சம் சாந்தை ஜுஸ் என்பார்கள்.

அந்த வேலைக்கு உள்ளூர்க் காண்டிராக்டர் ஒரு பெரியவரை அனுப்பினார். எல்லோரும் அவரை உஸ்தா என்று கூப்பிட்டார்கள். கைதேர்ந்த கொத்தனாருக்கு அங்கே அந்த மரியாதை உண்டு. வாலிபர்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதால் சைட்டில் வேலை செய்த ஈராக்கியர் அனேகமாக வயதானவர்கள்தான். உஸ்தாவின் மகனும் போர்முனையில் இருந்தார். உஸ்தாவின் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை.

அவர் வேலை செய்த விதத்தை இன்றைக்கும் என்னால் கண்முன் கொண்டுவர முடியும். பீம்களுக்குக் கீழே பலகைச் சாரம் போட்டு, அதில் அண்ணாந்து நிற்பார். எடுபிடி ஆள் ஒரு சின்னத் தட்டில் இரண்டு கை அளவுக்குத்தான் ஜுஸ் குழைப்பார். கூடக் குழைத்தால் தட்டிலேயே கட்டியாகிவிடும். சாந்து எடுக்க உஸ்தா கரணையைத் தொடவே மாட்டார். வெறுங்கையால் சாந்தை அள்ளிச் செங்கல்லின் இரண்டு முகத்தில் அறைவார். முந்திய வரிசையில் பட்டும் படாமலும் வைத்து ஓர் அழுத்து, லேசாக ஓர் ஆட்டு. அப்படியே நாலைந்து மூச்சு நேரம் உள்ளங்கையால் பிடித்திருப்பார். கையை எடுத்தால் செங்கல் தலைகீழாக அந்தரத்தில் நிற்கும். அதற்குள் அடுத்த செங்கல் மறு கைக்கு வந்திருக்கும். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை பூத்து வெடித்திருக்கும்.

முதல் நாளே நான் அவரை நிறுத்தினேன். சென்ட்ரிங் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்றேன். கையால் பிடித்து ஒட்டுகிற செங்கல் கூரை என் படிப்புக்கு ஒத்துவரவில்லை. அதற்குள் எனக்குச் சைட் அரபி கொஞ்சம் பழகியிருந்தது. அவர் நிதானமாகச் சொன்னார்: "இதுக்கு மரம் வேண்டாம், முஹந்திஸ். ஜுஸ் பிடிக்கிறவரைக்கும் என் கை போதும்." முஹந்திஸ் என்றால் என்ஜினியர். நான் விடவில்லை. குரலை உயர்த்தினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை லீவுதானே, சல்மான் பாக் போய்த் தாக் கஸ்ராவைப் பார்த்துட்டு வாங்க. அதுக்கு யார் மரம் வெச்சாங்க?" என்றார். சாரத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். எனக்கோ காது சூடாகிவிட்டது.

எங்கள் ஆட்களில் ராமநாதபுரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் இருந்தார். சாயங்காலம் தனியாக வந்து சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. பெரியவர் செய்யுறது சரியான வேலை சார். எங்க அப்பா மெட்ராஸ் டெரஸ் போடும்போது இப்படித்தான், சென்ட்ரிங் எல்லாம் கெடையாது." அவர் சொன்னது முழு உண்மை. தேக்குக் கட்டைகளுக்கு நடுவே சின்னச் செங்கற்களைக் கோணலாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவதுதான் மெட்ராஸ் டெரஸ். நான் பிறந்த வீட்டின் கூரையே அதுதான். ஆனாலும், "உன் வேலையைப் பாருப்பா" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

மேலதிகாரிகள் ஈராக் முறையையே ஏற்றிருந்ததால் உஸ்தா வேலையைத் தொடர்ந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

ஒரு சரக்கு அறைக் கட்டடம் முடியும் தறுவாயில், வரிசையின் கடைசிக் கண்ணுக்கு வந்தபோது, உஸ்தா கடைசி பீமைக் கரணைக் காம்பால் தட்டிக் காட்டினார். "இங்கே கம்பி இல்லையே. இதைக் கட்டிப் போடணும்" என்றார். அவர் சொன்னது டை ராடு. வளைவு என்பது எப்போதும் தன் இரண்டு பக்கத்தையும் வெளியே உதைத்துக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள கண்களில் இந்தப் பக்கத்து உதையை அந்தப் பக்கத்து வளைவின் உதை சமன் செய்துவிடும். கடைசிக் கண்ணுக்கு அப்பால் எதிர் உதை கிடையாது. அங்கே ஒன்று சுவர் கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசி இரண்டு பீமையும் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல, பாடத்தில் படித்ததுதான். பீம்களைச் சரிபார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். கம்பி இல்லாததை நான் கவனிக்கவில்லை. அவர் சுட்டிக்காட்டிய பிறகும், "டிராயிங்ல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சில வாரம் கழித்துக் கடைசிக் கண்ணில் உச்சியை ஒட்டி நீள விரிசல் விட்டது. ஒரு விரல் நுழையும் அளவு. பீம் வெளிப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. மேலிடம் அறிக்கை கேட்டது. அன்றிரவே எழுதிக் கொடுத்தேன். சென்ட்ரிங் இல்லாமல், முறைப்படி அல்லாத சாந்தைக் கொண்டு, சொல்பேச்சுக் கேட்காத கொத்தனார் கட்டியதால் விரிசல் என்று எழுதினேன். எழுதும்போதே கம்பியின் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். நிச்சயமாகத் தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த வரியை எழுதாமல் விட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் முகாமிலிருந்து ஒரு வண்டி சல்மான் பாக் போனது. ஏறிக்கொண்டேன். உஸ்தா சொன்னது பொய் என்று கண்டுபிடிக்கத்தான் போனேன். இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நபித்தோழர் சல்மான் அல் ஃபாரிஸியின் அடக்கத்தலம் அந்த ஊரில்தான். பாக்தாத் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து தங்கிப் போகிற இடம். ஊரைத் தாண்டியதும் வளைவு தெரிந்தது. கிட்டே போகப் போகத்தான் அதன் அளவு புரிந்தது. அடியில் நின்றவர்களின் தலை, சுவரின் கீழ்வரிசைச் செங்கற்களோடு கலந்து காணாமல் போயிற்று. வளைவின் விளிம்பில் வெட்டுவாய்போல் திறந்திருந்த இடத்தில் வளையங்கள் வெளிப்படையாகத் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, எல்லாம் பின்சுவரைப் பார்த்து. உஸ்தா சாரத்தில் நின்று கட்டிய வரிசையும் இதுவும் ஒன்றுதான். அளவில்தான் வித்தியாசம்.

மேலே பார்த்ததைவிடக் கீழே பார்த்ததுதான் என்னை உடைத்தது. வளைவின் உச்சியில் கனம் 1 மீட்டர் வாக்கில்தான் இருக்கும். அடிச்சுவரின் கனமோ 7 மீட்டர் வரை. வளைவு போடுகிற உதையை வாங்கிக்கொள்வதற்கு அவ்வளவு செங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். கூரையைவிடக் கூரைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பற்றித்தான் அவர்களுக்கு அதிகக் கவலை. கூடத்துக்கு இரண்டு பக்கமும் முகப்புச் சுவர்கள் இருந்தன. 1880களின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தம்பதி மார்செல் தியூலஃபுவாவும் ஜேன் தியூலஃபுவாவும் வந்துபோனபோது பிடித்த படத்தில் இரண்டையும் பார்க்கலாம். 1888இல் டைக்ரிஸ் வெள்ளம் வந்து வடக்கு முகப்பு விழுந்தது. அது விழுந்தும் வளைவு நின்றதற்குக் காரணம் அந்த அடிச்சுவர்தான்.

சுவரில் கை வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். கடைசிக் கண், கம்பி இல்லாத பீம், கரணைக் காம்பால் தட்டிய சத்தம், எல்லாம் சேர்ந்து வந்தது. நிச்சயமாகத் தெரியாது என்று நான் வைத்திருந்த சாக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. விரிசலுக்குக் காரணம் நான். பெரியவரின் வேலையில் ஒரு குறையும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் வண்டி ஏறினேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் உஸ்தா ஆபீஸ் அறைக்கு வந்தார். அறிக்கையின் பேரில் காண்டிராக்டர் அவரை நிறுத்திவிட்டார், அந்தக் கட்டடத்துக்கான கூலியையும் கொடுக்கவில்லை. கையில் கரணை வைத்த சாக்குப்பை. அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். "முஹந்திஸ், கம்பி இல்லைன்னு நான் சொன்னேனே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் மறந்துவிட்டேனோ, ஞாபகப்படுத்தினால் சரி செய்துவிடுவேனோ என்று நினைத்துக் கேட்டதுபோல் இருந்தது. நான் மேசையில் விரித்திருந்த டிராயிங்கைப் பார்த்துக்கொண்டே, "அறிக்கை மேலே போயாச்சு, என் கையில இல்ல" என்றேன். என் கையில்தான் இருந்தது. ஒரு தாள் எடுத்து இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். என்மேல் கண்டனம் வந்திருக்கும், அடுத்த பதவி உயர்வு தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதான்.

அதே வாரம் மற்றக் கட்டடங்களின் டிராயிங்கில் கடைசிக் கண்களுக்கெல்லாம் டை ராடு சேர்த்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லித் தப்ப முடியாதபடி, என் கையெழுத்தோடு அந்தத் திருத்தம் அந்தத் தாள்களில் இருக்கிறது.

தாக் கஸ்ராவைப் பற்றிப் பிற்காலத்தில் நிறையப் படித்தேன். அதிகம் படித்ததற்கும் இந்தக் குற்றத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். படித்தவற்றில் இரண்டு கதைகளை மேடையில் சொல்வதைத் தவிர்த்தே வந்தேன்.

ஒன்று, வரலாற்றாசிரியர் தபரி எழுதி வைத்தது. 8ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரை எழுப்பிய கலீஃபா மன்சூர், செங்கல்லுக்காகத் தாக் கஸ்ராவை இடிக்க நினைத்தார். பாரசீக வழி வந்த ஆலோசகர் காலித் பர்மகி வேண்டாம் என்றார். உன் இனத்தார் கட்டியது என்று பார்க்கிறாய் என்று சொல்லி, மன்சூர் இடிக்க ஆள் விட்டார். இடித்து, சுமந்து, பாக்தாத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு, புதுச் செங்கல் சுடுகிற செலவைத் தாண்டியது. நிறுத்திவிடலாம் என்றார் மன்சூர். அப்போது அதே காலித், இனி நிறுத்தாதீர்கள், அடுத்தவன் கட்டியதை இடிக்கக்கூட இவரால் முடியவில்லை என்று பேசுவார்கள் என்றார். மன்சூர் அந்த ஏச்சைப் பொறுத்துக்கொண்டு வேலையை நிறுத்திவிட்டார். எடுத்த காரியம் தவறு என்று தெரிந்ததும், ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று ஒரு பேரரசரால் கையை எடுக்க முடிந்திருக்கிறது. எனக்குச் சாரத்தில் நின்ற நாலு பேரின் சிரிப்பே தாங்கவில்லை.

இன்னொன்று, அல் மசூதி என்ற வரலாற்றாசிரியர் எழுதியது. ரோமாபுரி அரசின் தூதர் ஒருவர் குஸ்ரவின் அரண்மனை முற்றத்தில் ஒரு பக்கம் கோணலாக இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். அங்கே ஒரு கிழவியின் வீடு இருந்தது, அவள் விற்க மறுத்துவிட்டாள், அரசர் வற்புறுத்தவில்லை, அதனால் கோணல் என்று சொன்னார்கள். நேராக இருப்பதைவிட இந்தக் கோணல் அழகு என்றாராம் தூதர். நடந்ததோ இல்லையோ, அந்த அரண்மனையைப் பற்றி ஜனங்கள் நூற்றாண்டு கணக்கில் சொல்லிவந்த கதை இது. இதைப் படிக்கும்போதெல்லாம் சாக்குப்பையோடு நின்ற பெரியவர்தான் எனக்குத் தெரிவார்.

இதே வித்தையைத் தேடிப் போன ஒருவரைப் பற்றியும் படித்தேன். எகிப்தின் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபத்தி ஏழைகளுக்கு மண் செங்கல்லால் வீடு கட்டிக்கொடுக்க முயன்றவர். சென்ட்ரிங் இல்லாமல் வளைவு கட்டிப் பார்த்தார், இடிந்து விழுந்தது. தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, 1940களின் தொடக்கத்தில் அஸ்வான் பக்கம் போய், அந்த வித்தை தெரிந்த நூபியக் கொத்தனார்களைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்தார். அவருடைய புத்தகத்தில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் மரியாதையைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் தன்னிடம் இல்லாத ஆளைத் தேடிப் போனார். என் சைட்டுக்கு அந்த வித்தை தானாகவே நடந்து வந்தது. இன்று நம் ஆரோவில்லிலும் அச்சு இல்லாமல் வளைவு கட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். இளம் பிள்ளைகள் செங்கல்லை அழுத்தி, ஆட்டி, கையை எடுத்தார்கள். வெகுநேரம் நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

தாக் கஸ்ரா இப்போது மோசமான நிலையில் இருக்கிறது. 1980களில் ஈராக் அரசு வடக்குப் பக்கத்தை ஓரளவு எடுத்துக் கட்டியது. 1991 வளைகுடாப் போரோடு அந்த வேலை நின்றது. நிலத்தடி நீர் அடிச்சுவரில் ஏறி உப்புப் பூத்திருக்கிறது. 2012இல் மழையில் செங்கற்கள் விழுந்தபின் வெளிநாட்டு நிபுணர்களைக் கொண்டு பழுது பார்த்தார்கள். அதற்கப்புறமும் 2019இலும் 2020 கடைசியிலும் சில பகுதிகள் சரிந்தன. செய்தி வந்த ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கம் போனது. அந்த வளைவைக் காப்பாற்ற ஆய்வகமும் கருவியும் வேண்டும்தான். ஆனால் சாந்து எந்த நொடியில் பிடிக்கிறது என்பதை உள்ளங்கையால் அறிந்த ஆள் அதைவிட முக்கியமாக வேண்டும். அப்படி ஒருவர் அந்த வளைவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தார். அவரை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன். வேலை போன பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கவும் இல்லை. ஈராக்கை விட்டுக் கிளம்பும்வரை எனக்கு அதற்கு நேரம் இருந்தது.

மாணவர்களுக்குக் கொடுத்து வந்த குறிப்பில், சாய்ந்த வளையங்களை விளக்கும் பக்கத்தின் கீழே என் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு, பாக்தாத்தில் உஸ்தா ஒருவரிடம் கற்றது என்று எழுதியிருக்கிறேன். இனி அந்தக் குறிப்போடு இந்தக் கட்டுரையும் போகும். அந்த நிறுவனம் இன்று இல்லை. திருத்திய அறிக்கையை அனுப்ப எனக்கு ஒரு முகவரியும் கிடையாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்:

சரக்கு அறைக் கட்டடத்தின் கூரையில் கடைசிக் கண்ணில் ஏற்பட்ட விரிசலுக்குக் காரணம், அந்தக் கண்ணின் பீம்களை டை ராடு கொண்டு இணைக்காதது. பீம்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். கம்பி இல்லை என்று கொத்தனார் அந்தக் கண்ணில் வேலை தொடங்குமுன்பே என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. ஜுஸ் சாந்தும் சென்ட்ரிங் இல்லாத முறையும் அந்த வேலைக்குச் சரியானவை. கொத்தனாரின் வேலையில் குறை எதுவும் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய கூலியை முழுமையாகக் கொடுக்க வேண்டும்.